எத்தனை நாள் வைக்கலாம்

"செத்த வூட்ல எவன் சார் கம்ப்யூட்டரைத் தட்டிகினு உக்காந்துகினு இருப்பான்?" என்று லோகநாதன் மறுபடியும் கேட்டார்.

மேற்குத் தாம்பரத்தில் ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடுகிறவர் அவர். பிணத்தை வைக்கிற கண்ணாடிப் பெட்டி. அவருடைய வெப்சைட்டைக் கூகுளில் மேலே கொண்டுவருவது என் வேலை. 2008இல் அந்த வேலைக்கு எங்கள் பக்கத்தில் ஒழுங்கான பெயர்கூடக் கிடையாது. அப்பா அதைக் 'கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றான்' என்று சொல்லி முடித்துக்கொள்வார்.

இங்கே இருப்பவர்கள் தட்டமாட்டார்கள், அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள்தான் தட்டுவார்கள் என்றேன். மூத்தவன் வந்து கொள்ளி வைக்கும்வரை பெட்டி ஓடியாக வேண்டுமே.

எல்லாருக்கும் சொல்லும் புத்திமதியை அவருக்கும் சொல்லியிருந்தேன். முகப்பில் குத்துவிளக்கு ஆடுகிற அனிமேஷன் வேண்டாம். 'சாந்தி அமரர் சேவை' என்று நீங்கள் ஆசையாக வைத்த பெயரை ஒருவரும் தேடமாட்டார்கள். ஜனங்கள் எந்த வார்த்தையைத் தட்டுகிறார்களோ அதைத் தலைப்பில் போடுங்கள். கேட்கிற கேள்விக்கு நேராகப் பதில் எழுதுங்கள். பொய் மட்டும் எழுதாதீர்கள், அது என்றைக்காவது திருப்பி அடிக்கும்.

அன்று போன மாத ரிப்போர்ட்டை அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். எதைத் தட்டி வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். வாய்விட்டுக் கேட்கக் கூசுவதை மனிதர்கள் கூகுளிடம் கூசாமல் கேட்டுவிடுகிறார்கள்.

பதினேழாவது வரியில் என் விரல் நின்றது.

ஆங்கிலத்தில் இருந்தது. 'பெருங்களத்தூரில் வீட்டில் உடலை ஃப்ரீசர் பாக்ஸில் எத்தனை நாள் வைக்கலாம்.'

ஊர், ஃபார்கோ. அமெரிக்காவின் வடக்கு மூலையில் பனி கொட்டுகிற இடம். மூன்று முறை வந்து பார்த்திருக்கிறார்கள்.

ஃபார்கோவில் என் அண்ணன் வினோத்குமார் இருக்கிறான்.

பெருங்களத்தூரில் என் வீட்டில் அப்பா படுத்திருக்கிறார். நுரையீரல் போய்விட்டது. தீபாவளியைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொல்லியாயிற்று. ஃபோன் அடித்தால் போதும், "பெரியவனா?" என்று தலையைத் தூக்குவார். அவன் முகத்தை ஒரு தடவை பார்க்கவேண்டும் அவருக்கு. வேறு எதுவும் அவர் கேட்டதில்லை. அண்ணன் மூன்று மாதமாக, ப்ராஜெக்ட் முடியவில்லை, லீவு கிடைக்கவில்லை என்கிறான்.

ஃபார்கோவில் வேறொரு பெருங்களத்தூர்க்காரன் இருக்கக்கூடாதா என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். ஒப்பேறவில்லை.

அன்று காலையில்கூட அப்பா இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தார். உயிரோடு இருக்கும்போது வர லீவு இல்லை. செத்தபிறகு வர நாள் பார்க்கிறான்.

"இன்னா சார், அதையே பாத்துகினு கீறீங்க? இன்னா கேக்கறாங்க?"

சொன்னேன்.

"மூணு நாள் தாராளமா வெக்கலாம். ஃபாரின் பார்ட்டிக்கு அஞ்சு நாள்கூட வெச்சுக் குடுத்துகீறேன். அதையே போட்டு வுட்ருங்க சார்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். அவன் கேட்ட கேள்வியையே தலைப்பாக வைத்தேன். கீழே ஆங்கிலத்தில் பதில் போட்டேன். 'அதிகபட்சம் ஒரு நாள். அதற்கு மேல் எந்தப் பெட்டியும் தாங்காது.'

லோகநாதனுக்கு ஆங்கிலம் தெரியாது. திரையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். அந்த மனுஷனைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அழிக்கவில்லை. இனி அப்பாவைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் இருக்கும்போதே வந்தால்தான் உண்டு என்று அவனுக்கு உறைக்கட்டும். உறைத்தால் ஓடி வருவான்.

அந்த ஒரு பக்கத்துக்காக நான் உழைத்த மாதிரி வேறெதற்கும் உழைத்ததில்லை. நாலு தளங்கள் கைகாட்டினால்தான் கூகுள் ஒரு பக்கத்தை மேலே ஏற்றும் என்பதால், என் கையில் இருந்த எல்லா வாடிக்கையாளர்களின் தளங்களிலிருந்தும் அதற்கு இணைப்புக் கொடுத்தேன். வண்டலூர் பேக்கரியிலிருந்தும், திருநீர்மலைக் கல்யாண மண்டபத்திலிருந்தும்கூட.

ஒன்பதாவது நாள் அது கூகுளில் முதல் இடத்தில் நின்றது. மறுநாள் ஃபார்கோவிலிருந்து ஒருவர் வந்து நான்கு நிமிடம் படித்துவிட்டுப் போயிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஃபோன் அடித்தது. அப்பா தலையைத் தூக்கினார்.

அண்ணன்தான். டிக்கெட் போட்டுவிட்டான் என்றே நினைத்தேன்.

"தனா, நல்லா கேட்டுக்கோ. அப்பாவுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா எனக்காக வெயிட் பண்ணாதீங்கடா. பாக்ஸ்ல ஒரு நாளைக்கு மேல தாங்காதாம், நான் படிச்சுப் பாத்துட்டேன். இங்கருந்து கிளம்பி வந்து சேரவே எனக்கு ரெண்டு நாள் ஆயிடும். கொள்ளி நீயே வெச்சிடு."

மூன்று மாதமாக அவன் குரலில் இல்லாத நிம்மதி அதில் இருந்தது. அந்த நிம்மதியை உட்கார்ந்து எழுதி, முதல் இடத்துக்கும் கொண்டுபோய் அவனுக்குக் கொடுத்தவன் நான்.

அப்பா தூக்கிய தலையை இன்னும் இறக்கவில்லை.

"எப்ப வரானாம்?" என்று கேட்டார்.