குறுக்குக் கட்டை

"ரெண்டு கட்டையும் ஒரே நீளம்னு சொன்னேனா இல்லையா?"

ஜெரோம் சார் அனுப்பிரியாவின் மேசை முன்னால் நின்றுவிட்டார்.

தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளி. பதினோராம் வகுப்புத் தொழிற்பிரிவு. மரவேலைச் செய்முறைத் தேர்வுக்கு முன் அதுதான் கடைசிப் பயிற்சி.

இரண்டு கட்டைகளையும் நடுவில் பாதிக் கனத்துக்கு வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றைக் குறுக்காக வைத்து அழுத்தினால் இரண்டும் ஒரே மட்டமாக உட்கார்ந்துகொள்ளும். ஆணி கிடையாது, பசை மட்டும்.

மற்ற மேசைகளில் எல்லாம் கூட்டல் குறிகள் கிடந்தன.

அனுப்பிரியாவினுடையதில் ஒரு கட்டை மற்றதைவிட ஒரு முழம் நீளம். வெட்டும் நடுவில் இல்லை, ஒரு முனைக்குப் பக்கமாகத் தள்ளி இருந்தது.

வேலை சுத்தம். இணைப்பில் ஒரு காகிதம்கூட நுழையாது. சாருக்கு அதுதான் கோபம். இவ்வளவு நன்றாக வெட்டத் தெரிந்தவள் அளவில் எப்படிக் கோட்டை விட்டாள்?

"வெளியிலேர்ந்து வர்ற எக்ஸாமினர் இதைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டாரு. முட்டைதான். என்ன நெனப்புல இருந்தே?"

அவள் நிமிரவில்லை. உளியில் ஒட்டியிருந்த மரத்தூளை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"பட்டம் வுடப் போறா சார்" என்றான் பின்மேசை ஜெபகுமார். சிரிப்பு எழுந்தது.

சார் கட்டையை எடுத்தார். வகுப்புக்கே தவறைக் காட்டி விளக்கிவிடலாம் என்று குட்டைக் கட்டை மேலே வரும்படி நிமிர்த்திப் பிடித்தார்.

பிடித்தவர் அப்படியே நின்றார்.

ஒவ்வொரு ஞாயிறும் அவர் முழங்காலிட்டு வணங்கும் வடிவம் அது. செய்தவள் நெற்றியிலோ விபூதிக் கீற்று.

சிரிப்பு ஒவ்வொரு மேசையாக அடங்கியது.

"யாருக்கும்மா?" சாரின் குரல் இறங்கியிருந்தது.

"ஜென்சிக்கு சார்."

அந்த மேசையின் இன்னொரு பக்கம் ஜென்சியுடையது. டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து அங்கே யாரும் நிற்பதில்லை.

"நேத்து எங்கம்மாகூட அவ கல்லறைக்குப் போயிருந்தேன் சார். ரெண்டு குச்சியைக் கயித்தால கட்டி நட்டு வெச்சிருக்காங்க. மழையில கயிறு லூசாயி குறுக்குக் குச்சி வுழுந்துடுது. அவங்கம்மா தெனமும் வந்து அதை எடுத்துக் கட்டிட்டுப் போறாங்க."

அவள் நிமிர்ந்து சார் கையிலிருந்த கட்டையைப் பார்த்தாள்.

"இப்படி வெட்டிச் சேத்தா கழண்டு வராதில்ல சார்?"

சார் கட்டையை மேசையில் வைத்தார். பூவை வைப்பது போல மெதுவாக.

"கழலாதும்மா. ஆனா இது பேக்கிங் பெட்டி மரம். ரெண்டு மழைக்கு உப்பிடும். உள்ளே தேக்கு இருக்கு, எடு."

அவள் நகருவதற்குள் ஜெபகுமார் அலமாரிப் பக்கம் போயிருந்தான். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே கட்டையை இழுத்தான்.

மறுநாள் மதியம் சாரும் பிள்ளைகளும் பீர்க்கன்கரணைக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் நட்டுவிட்டு வந்தார்கள்.

சாயங்காலம் ஜென்சியின் அம்மா வந்தபோது கையில் புதுக் கயிறு இருந்தது. தேக்குச் சிலுவைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். குறுக்குக் கட்டையைப் பிடித்து அசைத்துப் பார்த்தார்.

அசையவில்லை.

அன்றுதான் அவர் அங்கே முதல்முறையாக உட்கார்ந்தார்.