பூட்டிய கோப்புக்குப் பக்கத்தில்

கறுப்புத் திரையில் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன.

மில் பெண்கள் தந்த வாக்குமூலங்கள். எல்லாம் எண்கள்தான். பெயர் வைத்தால் ஆள் தெரிந்துவிடும் என்று எண் வைத்திருந்தாள். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு புள்ளி, மூன்று ஆங்கில எழுத்துகள். பூட்டியாகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

பதினொன்று மட்டும் இரண்டு முறை வந்தது.

ஒன்றுக்குப் பின்னால் புள்ளி இருந்தது.

மற்றதற்கு இல்லை.

அலைபேசி அவள் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கப்பட்டிருந்தது. மறுமுனையில் சித்திரைக்கனி பேசிக்கொண்டிருந்தாள். பேருந்து நிலையத்தில் நிற்கிறாளாம். காலை ஷிப்டுக்குப் போனவளை மில்லில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விடுதி அறையிலிருந்த பெட்டியைக்கூட அவர்களே கட்டி கேட்டில் வைத்திருந்தார்கள்.

மயங்கி விழுந்த பெண்ணை நூல்கோன் வண்டியில் வைத்துப் பின்வாசல் வழியாகத் தள்ளிப்போனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாதது. சித்திரைக்கனி ஒரு ஞாயிற்றுக்கிழமை இவளிடம் வாக்குமூலமாகச் சொன்னவை. பக்கத்தில் நின்று கேட்டவர் போல மேனேஜர் எல்லாவற்றையும் சொன்னாராம்.

அன்று பக்கத்தில் இருந்து கேட்டவள் ஒருத்திதான். அறைத்தோழி ஞானசெல்வி. ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதியில் பெண்களை இரண்டிரண்டு பேராகத்தான் வெளியே விடுவார்கள். அதனால் துணைக்கு வந்திருந்தாள். சித்திரைக்கனி சொல்லி முடிக்கும்வரை அவள் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

இன்று ஞானசெல்வி கேட் வரை அழுதுகொண்டே வந்தாளாம். சித்திரைக்கனி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அவள விடுங்கக்கா. உங்க பூட்டு பத்திரமாத்தான இருக்கு? மத்த பிள்ளைக பேரெல்லாம் அதுக்குள்ள இருக்கும்ல.”

அதற்காகத்தான் அழைத்திருக்கிறாள்.

ஒரு நிமிஷம் கனி, பார்த்துச் சொல்கிறேன் என்று இவள் சொன்னாள். தைரியமாகத்தான் பென்டிரைவைச் செருகினாள்.

பூட்டும் கட்டளை எந்தக் கோப்பையும் பூட்டுவதில்லை. பூட்டிய நகல் ஒன்றைப் புதிதாகச் செய்து பக்கத்தில் வைக்கிறது. திறந்து கிடக்கும் பழையதை எடுத்துப் போடுவது நம் வேலை.

அது அவளுக்குத் தெரியாததல்ல. அலுவலகத்தில் மற்றவர்களை உட்கார வைத்து அரை நாள் வகுப்பே எடுத்திருக்கிறாள். முதல் வரி பூட்ட, இரண்டாம் வரி அழிக்க. இரண்டாம் வரியை மறந்தால் முதல் வரியை எழுதாததற்குச் சமம். பலகையில் அடிக்கோடு போட்டுக் காட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்திரைக்கனியின் கோப்பான பதினொன்றுக்கு முதல் வரியை எழுதினாள்.

இரண்டு பெண்களும் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மவுஸைத் தொடாமல் எழுத்துகளாலேயே கணினியை ஓட்டுவதை அவர்கள் பார்த்ததில்லை. விரல்கள் தாமாகவே கொஞ்சம் வேகமெடுத்தன. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அழிக்கும் வரியை எழுத வேண்டிய இடத்தில், பூட்டிய கோப்பைத் திரையில் கொட்டிக் காட்டும் வரியை எழுதினாள்.

கிறுக்கல்கள் பொங்கி வழிந்தன.

“எங்க வார்டன் கையெழுத்து மாதிரில்ல இருக்கு” என்றாள் ஞானசெல்வி.

மூவரும் சிரித்தார்கள். சிரித்தபடியே மடிக்கணினியை மூடினாள். இனி கடவுளே வந்தாலும் படிக்க முடியாது என்று சொன்னாள். அப்படித்தான் சொன்னாள்.

போன வாரம் மில் பெண்களைப் பற்றிய அறிக்கையின் அட்டையை அச்சடிக்க, இதே பென்டிரைவை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனாள். வாக்குமூலங்களும் அதில் இருந்தன. இருந்தால் என்ன, பூட்டியதுதானே. கடைச் சுவரில் அந்த மில்லின் காலண்டர் தொங்கியதைப் பார்த்தாள். கடைக்காரரின் தம்பிக்கு மில்லில்தான் வேலை என்பதும் தெரியும்.

அந்தப் பூட்டை அவள் அவ்வளவு நம்பினாள்.

“அக்கா, லைன்ல இருக்கீங்களா?”

இருக்கிறேன் என்றாள். குரல் யாருடையதோ போல வந்தது.

இரண்டாம் வரியை இப்போது எழுதினாள். மீட்கவே முடியாதபடி அழிக்கும் கட்டளை. கோப்பின் எண் பதினொன்று. என்டர் மட்டும்தான் பாக்கி. ஒரு தட்டு. அதன்பிறகு, ஆமாம் கனி, எல்லாம் பூட்டித்தான் இருக்கிறது என்று சொல்லலாம். அது பொய்யாகவும் இருக்காது. யார் வந்து தேடினாலும் பதினொன்று ஒன்றுதான் இருக்கும். அதுவும் பூட்டியபடி.

மேனேஜருக்குச் சொன்னது ஞானசெல்வி என்றே ஆகிவிடும். ஆகிவிட்டது ஏற்கெனவே. இவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

காது சுட்டது. மறுமுனையில் நடத்துநர் ஒருவர் ஊர்ப்பெயர்களை அடுக்கிக் கூவிக்கொண்டிருந்தார். சித்திரைக்கனி ஏற வேண்டிய பேருந்து வந்துவிட்டது. அவளாகவே பேச்சை முடிக்கப் பார்த்தாள். நீங்கள் பத்திரமாக இருங்கள், உங்களையும் தேடி வருவார்கள் என்றாள். ஞானசெல்வி அழைத்துக்கொண்டே இருக்கிறாளாம். பத்துத் தடவைக்கு மேல் ஆகிவிட்டது. இனி இந்த ஜென்மத்தில் அவளோடு பேச்சில்லை.

என்டரின் மேலிருந்த விரலை எடுத்தாள்.

“கனி, ஞானசெல்வி கூப்பிட்டா எடுத்துப் பேசு.”

நடத்துநரின் குரல் கொஞ்சம் தள்ளிப் போனது. சித்திரைக்கனி பேருந்துப் படியிலிருந்து இறங்கியிருக்க வேண்டும்.

“ஏன்க்கா?”

அறையில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.