வெள்ளிக்கிழமை மாத்திரை

சாமியார் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நான் மாத்திரை சீசாவை அவர் கிண்ணத்துக்குப் பக்கத்தில் டக்கென்று வைத்தேன். ஸ்தோத்திரம்கூடச் சொல்லவில்லை.

இது மாம்சமா, மருந்தா? நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

என் மனைவி மர்சலினுக்குத் தைராய்டு சரியாக வேலை செய்யவில்லை. மாத்திரை போட்டால் பாடுவாள், என்னோடு சண்டை பிடிப்பாள். போடாவிட்டால் முகம் வீங்கி, குரல் தடித்து, சாந்தோம் வெயிலிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போவாள். இப்படியே விட்டால் ஒருநாள் எழுந்திருக்கவே மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாத்திரை சீமையிலிருந்து வர வேண்டும். யுத்தத்தில் கப்பலே வருவதில்லை. பள்ளிக்கூட வாத்தியார் நான். கடை கடையாக ஏறி இறங்கி, மயிலாப்பூரில் ஒரு கடைக்காரனிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வருகிறேன். அவன் கேட்கிற விலையை வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

வாங்கி வந்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். போன வருஷம் ஒருநாள், டாக்டர் சொன்னதை வேடிக்கையாகச் சொல்லித் தொலைத்தேன். அது ஆட்டின் கழுத்துச் சுரப்பியைக் காயவைத்து இடித்த பொடி.

தவளை தன் வாயால் கெடும்.

அப்படியானால் வெள்ளிக்கிழமை ஆகாது என்றாள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மாம்சம் கிடையாது.

பிறகு திருநாளுக்கு முந்தின நாளும் ஆகாது என்றாள். அப்புறம் புதன்கிழமை. இப்போது தபசுக்காலம், நாற்பது நாளும் ஆகாதாம்.

இன்று காலை பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. அவள் அடுப்பெதிரே உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

பக்தியாம், பெரிய பக்தி! மோட்சத்தில் இருக்கிற அர்ச்சியசிஷ்டவர்களே இவளைப் பார்த்தால் எழுந்து நின்று இடம் கொடுப்பார்கள்.

இத்தனையையும் மூச்சுவிடாமல் சாமியார் முன்னால் கொட்டினேன். இன்றைக்கே வீட்டுக்கு வந்து, சாப்பிடு என்று ஒரு வார்த்தை உத்தரவு போடுங்கள் என்றேன்.

சாமியார் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"மருந்து மாம்சம் ஆவாது ஹென்றி, பெரிய வெள்ளிக்கிழமைகூட சாப்பிடலாம்னு போன வருஷமே மர்சலின்கிட்ட சொல்லிட்டேன். அத எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க சாமி, ஒரு மாச சீசா ரெண்டு மாசம் வரட்டும்னு சொல்லிச்சு. நானும் வாய மூடிக்கினு இருந்துட்டேன், தப்புதான்."

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அவள் தூங்கி விழுந்தபோதெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டியவன் நான். சீசா கூடுதலாக நாலு நாள் வந்ததில் உள்ளூர நிம்மதிப்பட்டவனும் நான்தான்.

சீசாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். சாமியார் வாசல்வரை வந்தார்.

"சீசா ஏழு ரூபாயாமே?"

ஆமாம் என்றேன்.

அவளிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். கடைக்காரன் வாங்குவது பதினான்கு.