முப்பத்தோராம் பக்கத்துப் பெண்மணி

"இந்த முப்பத்தோராம் பக்கத்துப் பெண்மணி யாரும்மா?" ஆய்வறிக்கையை விரலால் தட்டியபடி கேட்டார் வலேரியு.

"பேர் சொல்ல முடியாதுங்க, ஐயா" என்றாள் வியோரிகா.

மால்டோவாவின் தலைநகர் கிஷினேவில் நாடாளுமன்றக் குழு கூடியிருந்தது; தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. இத்தாலிக்குப் போய், அங்கே வீட்டோடு தங்கி முதியவர்களைப் பார்த்துக்கொண்டு, வயதான காலத்தில் நாடு திரும்பிய பெண்களுக்கு ஓய்வூதியம் உண்டா இல்லையா என்று விவாதம். சாப்பாட்டுக்குப் பிறகு வாக்கெடுப்பு. குழுத் தலைவர் வலேரியு எந்தப் பக்கமோ, மற்றவர்களும் அந்தப் பக்கம்.

வீடு வீடாகப் போய் அந்தப் பெண்களிடம் பேசி அறிக்கை எழுதியவள் வியோரிகா.

வலேரியு கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். "'படுத்த படுக்கையா கிடந்த கிழவரைக் குளிப்பாட்டித் துடைச்சு விடுறதுதான் என் வேலை. ஊர்ல பையன்கிட்ட ஏதோ ஆபீஸ் வேலைன்னு சொல்லிவெச்சேன். கூடப் படிக்கிறவங்க முன்னாடி அவன் தலைகுனியக் கூடாதுல்ல.' அடேயப்பா! நீ சினிமாவுக்கு வசனம் எழுதப் போகலாம்."

குழு சிரித்தது.

"எங்கம்மாவும்தான் அங்கே பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்தாங்க. ஒயின் வியாபாரிகிட்ட கணக்கு எழுதினாங்க. கௌரவமான உத்தியோகம். ஒரு நாளாவது அரசாங்கத்துகிட்ட கை நீட்டியிருப்பாங்களா?"

வியோரிகா அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"பேரைச் சொல்லு, இப்பவே ஆதரிச்சுக் கையைத் தூக்குறேன். எல்லார் முன்னாடியும் வேண்டாம், என் காதுல மட்டும் சொல்லு, போதும்."

"மன்னிக்கணும். யாருக்கும் சொல்றதில்லைன்னு வாக்குக் கொடுத்துட்டுத்தான் பேட்டியே எடுத்தேன்."

"அப்போ இது நீயா இட்டுக்கட்டினது."

வியோரிகாவுக்குக் காது வரை சிவந்தது. "அப்படியே வெச்சுக்கங்க, ஐயா" என்று உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு பெயருக்காக அத்தனை பேர் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாளே, இதென்ன பிடிவாதம் என்று பின்வரிசையில் முணுமுணுத்தார்கள்.

வலேரியு சாப்பிடக் கிளம்பும்போது கைப்பேசி அடித்தது. அம்மா. மகன் தொலைக்காட்சியில் வருகிறான் என்றால் அடுப்பை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துவிடுகிற அம்மா.

"பார்த்தியாம்மா, எப்படி மடக்கினேன்!"



"பார்த்தேன்டா. எனக்கு மனசே ஆறலை." என்றார் அம்மா. "சாப்பாடு அப்புறம் ஆகட்டும். முதல்ல போய் அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேளு. முப்பத்தோராம் பக்கத்துல இருக்கிறது நான்தான். என் மகனே வந்து கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கினதும் நான்தான்."