வாய்க்கால் வீதித் தடுப்பு

சுகிர்தனை உள்ளே விடுவதென்று முடிவாகிவிட்டது.

வீதியை மறித்துக் கிடந்த பனங்குற்றியின் ஒரு நுனியை விஜிதரன் தூக்கிவிட்டான். மற்ற நுனியைப் பிடிக்கப் பரமேஸ்வரன் குனிந்தார்.

அப்போதுதான் மேனுகா சைக்கிளை உழக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கியது.

"இவரை விடாதேங்கோ, அண்ணை."

விஜிதரனின் கை நழுவிக் குற்றி தொப்பென்று விழுந்தது. சொன்னது வேறு யாருமல்ல, சுகிர்தனின் மனைவி.

கொழும்பில் மறுபடியும் கொரோனா பரவத் தொடங்கியதும், உடையார்கட்டுக்கு உள்ளே இருந்த அந்தச் சின்னக் கிராமம் தன் வாய்க்கால் வீதியைத் தானே மறித்துக்கொண்டது. ஒரு பனங்குற்றி, இரு பக்கமும் முட்கம்பி, ஒரு தகரத்தில் பெயின்றால் எழுதிய 'வெளியாட்கள் உள்ளே வரவேண்டாம்'. ஆண்கள் முறைவைத்துக் காவல் நின்றார்கள். முல்லைத்தீவிலிருந்து மீன் கொண்டுவருபவர் தடுப்புக்கு அப்பால் நின்று ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். தாயைப் பார்க்க வவுனியாவிலிருந்து வந்த ராஜினி, அந்தப் பக்கம் தானும் இந்தப் பக்கம் தாயுமாக நின்று அழுதுவிட்டுப் போனாள்.

செய்தவர்களுக்கே அது பிடிக்கவில்லை. ஆனால் பயம் பெரிதாக இருந்தது.

சுகிர்தனின் கதை வேறு என்று விஜிதரன் நினைத்தான். கொழும்பில் கடையொன்றில் மூட்டை ஏற்றுகிற வேலை. தனிமைப்படுத்தல் முகாமில் வைத்திருந்து, தொற்று வருத்தம் இல்லையென்று விட்டிருந்தார்கள். மரக்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய லொறியொன்றில் தொற்றிக்கொண்டு வந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போய், கையில் ஒரு பையோடு வெயிலில் நின்றவனைப் பார்க்க விஜிதரனுக்குத் தாங்கவில்லை. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கிராமச் சங்கத் தலைவரான பரமேஸ்வரனோடு வாதாடி அவரைச் சம்மதிக்க வைத்தவனே அவன்தான்.

"பயப்பிடாதையும், தங்கச்சி. வருத்தம் இல்லையெண்டு பாத்துத்தான் விட்டிருக்கினம்," என்றார் பரமேஸ்வரன்.

"ராஜினி அக்காவுக்கும் வருத்தம் இல்லைத்தானே? அவாவை ஏன் விடேல்லை?"



சுகிர்தன் சிரித்தான். பிள்ளைக்குச் சட்டை வாங்கி வந்திருப்பதாக மெதுவாகச் சொன்னான். மேனுகா அவன் பக்கம் திரும்பவேயில்லை. சைக்கிள் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தபடி பரமேஸ்வரனை மட்டும் பார்த்தாள்.

"எல்லாருக்கும் ஒரே சட்டமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

தடுப்படியில் கூடிநின்ற சனத்துக்குள் ராஜினியின் தாயும் நின்றாள். அவளுடைய முகத்தைக் கண்டபிறகு பரமேஸ்வரனால் குற்றியில் கைவைக்க முடியவில்லை.

சுகிர்தன் பையைக் குற்றியின்மேல் வைத்தான். புறங்கையால் கண்ணைத் துடைத்தான்.

"சரி. நான் பிறகு வாறன்," என்றான், அவளிடம் மட்டும்.

பிறகு பிரதான வீதியை நோக்கி நடந்தான். அவன் தலை மறையும்வரை எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். இப்படியும் ஒரு பெண்ணா என்று யாரோ சொன்னார்கள். அது கேட்கும் தூரத்தில்தான் மேனுகா சைக்கிளில் ஏறினாள்.

விஜிதரனுக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. யாருக்கும் தொட மனம் வராமல் அந்தப் பை குற்றியின்மேலேயே கிடந்தது. சவர்க்காரத் தண்ணீரால் அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு சைக்கிளில் மேனுகாவின் வீட்டுக்குப் போனான்.

வயலோரத்தில் தனியாக நிற்கிற, இன்னும் பூசாத வீட்டுத்திட்ட வீடு. பக்கத்தில் வேறு வீடில்லை. வேலிப் படலையைக் கம்பி சுற்றிக் கட்டியிருந்தது. மேனுகா வந்தாள். கம்பியை அவிழ்க்காமல் படலைக்கு மேலால் பையை வாங்கிக்கொண்டாள்.

"அவன் அழுதுகொண்டு போனான், தெரியுமோ? நீர் இப்பிடிச் செய்வீரெண்டு நான் கனவிலும் நினைக்கேல்லை."



"தடுப்பை எப்ப எடுப்பியள், அண்ணை?" என்று கேட்டாள்.

மனம் இளகிவிட்டாள் என்று விஜிதரனுக்கு ஆறுதலாக இருந்தது. "கெதியா எடுத்திடுவம். வாற கிழமையே எடுத்தாலும் எடுப்பம். யோசிக்காதையும்."

மேனுகாவின் முகத்தில் இரத்தமே இல்லாமல் போயிற்று. பையைத் திறக்காமல் அப்படியே மண்ணில் வைத்தாள். வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"யது... அப்பா போயிட்டார். வெளியில வா."

உள்ளே சத்தமில்லை.

"சத்தியமாப் போயிட்டார், அம்மா. வா."

திறந்திருந்த கதவுக்குள் கட்டில் தெரிந்தது. அதன் கீழே அடுக்கியிருந்த நெல் மூட்டைகளில் ஒன்று அசைந்தது. பிறகு மெல்ல நகர்ந்தது. இரண்டு சின்னக் கைகள் வெளியே வந்தன. மகள் யதுர்ஷிகா ஊர்ந்து வந்தாள். தலைமயிரெல்லாம் ஒட்டடை. சட்டை வியர்வையில் உடலோடு ஒட்டியிருந்தது.

வாசல்வரை வந்தவள், படலையடியில் ஓர் ஆண் நிற்பதைக் கண்டதும் கதவுக்குப் பின்னால் பாய்ந்தாள்.

"அது விஜி மாமா," என்றாள் மேனுகா.

கதவோரத்தில் அரை முகம் தெரிந்தது.

"மாமா, றோட்டு பூட்டித்தானே கிடக்கு?"

விஜிதரன் மண்ணில் கிடந்த பையைப் பார்த்தான்.  சிறுமி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம், பிள்ளை," என்றான் கடைசியில்.

அன்று அவனுடைய காவல் முறை முடிந்திருந்தது. ஆனாலும் அவன் தன் சைக்கிளைத் தடுப்பை நோக்கித் திருப்பினான்.