அழகரத்தினத்தின் சொந்தச் சொத்து

அழகரத்தினம் முதலில் மாட்டை விரட்டினார்.

மாடுதானே என்று விட்டுவிடலாமா? அது யாருடைய மாடு, யாருக்குப் போய் என்ன சொல்லும் என்று யாருக்குத் தெரியும்!

பிறகு கைத்தொலைபேசியைத் தூரத்துக் கல் அடுக்கின்மேல் குப்புற வைத்தார். அதற்கும் கண் இருக்கிறது, காது இருக்கிறது. அதன் தலைமேல் ஒரு சீமெந்துப் பையையும் போட்டு மூடினார்.

பழுகாமத்தில் இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. மகள் தனுஷியாவின் கலியாணத்துக்கென்று கட்டத் தொடங்கிய வீடு. சுவர் எழும்பி, நிலை வைத்து, கூரை போட முடியாமல் நின்றுவிட்டது. மழைக்கும் ஒதுங்க முடியாத வீட்டுக்குள் யார் வரப்போகிறார்கள்?

மடியிலிருந்து கருவியைப் பெட்டியோடு எடுத்தார். சுண்டுவிரல் அளவுதான். பிட்கொயினைப் பூட்டி வைக்கிற பெட்டகம் என்று காத்தான்குடியில் ஃபோன் கடை வைத்திருக்கிற றுஸ்தி தருவித்துக் கொடுத்தது.

"ஐயா, இதுக்குள்ள வாற சொல்லுகள்தான் திறப்பு. போட்டோ எடுக்கப்படாது, ஃபோன்ல எழுதப்படாது, ஒருத்தருக்கும் சொல்லப்படாது. ஆர் கேட்டாலும் கள்ளன்தான். நான் கேட்டாலும் கள்ளன்தான்!"

அழகரத்தினம் அதை வேதமாக எடுத்துக்கொண்டார். பெண்சாதி அன்னப்பூரணிக்கே மூச்சு விடவில்லை.

சொல்லவும் முடியாது. இந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. வீடு பெண்ணுக்கு, வளவு பெண்ணுக்கு, வட்டையில் உள்ள வயலும் பெண்ணுக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண்சாதி வீட்டுக்கு ஒரு சூட்கேசோடு போவான். டிப்போவில் டைம்கீப்பராக இருந்து மட்டக்களப்பு பஸ் அத்தனையையும் விரல் நுனியில் ஆட்டிவைத்த மனிதருக்குச் சொந்தமாக ஓர் ஆணிகூட இல்லை. அவர் சட்டை கொழுவுகிற ஆணி, மாமனார் அடித்தது.

இப்போது இருக்கிறது. யார் பெயரிலும் எழுத முடியாத சொத்து. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, தொலைபேசிக்குள்ளேயே குஞ்சு பொரிக்க விட்டிருந்தார்.

மாங்கேணியில் ஒருவர் அப்படித் தொலைபேசிக்குள் வைத்திருந்தது, மத்தியானச் சோறு ஆறுவதற்குள் காணாமல் போனதாம். அதைக் கேட்ட நாளிலிருந்து அழகரத்தினத்துக்குச் சோறு இறங்கவில்லை.

கருவியின் பெட்டியில் ஒட்டியிருந்த முத்திரையை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். யாரும் கிழித்து ஒட்டவில்லை. பெட்டியைத் திறந்து, கூட வந்த அட்டையையும் பார்த்தார். வெறும் அட்டை. அதில் ஏற்கெனவே சொற்கள் எழுதியிருந்தால் அப்படியே வாவிக்குள் எறிந்துவிட வேண்டும் என்பது றுஸ்தியின் கட்டளை.

இரகசிய இலக்கம் கேட்டது. பிறந்த திகதி வேண்டாம், அன்னப்பூரணிக்குத் தெரியும். பஸ் இலக்கம் வேண்டாம், ஊருக்கே தெரியும். தனக்கே மறந்துவிடுமோ என்கிற அளவுக்கு ஓர் இலக்கம் போட்டார்.

சொற்கள் வந்தன. ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத இருபத்துநான்கு இங்கிலீசுச் சொற்கள். கோழி என்றது. ஏணி என்றது. சவர்க்காரம் என்றது. பேனையால் எழுதி, எழுதியதைக் கையால் மறைத்து, அதற்கு மேல் தலையாலும் மறைத்தார்.

றுஸ்தி சொன்னபடி கருவியை வெறுமையாக்கி, அதே சொற்களைக் கொடுத்து மறுபடி எழுப்பியும் பார்த்தார். எழும்பியது. அட்டையை மடித்து மடிக்குள் செருகினார். உலகத்தில் அவருக்கென்று இருந்த இடம் அந்த மடி ஒன்றுதான்.

"இஞ்சருங்க!" வேலிக்கு அப்பாலிருந்து அன்னப்பூரணியின் குரல். "மண்டூர் மாப்பிள்ளை வீட்டு ஆக்கள் கடைசியாக் கேக்காங்க! ஆவணிக்குள்ள கூரை போடல்லெண்டா சதீசனுக்கு வேற இடம் பாப்பாங்களாம்!"

"ஓட்டு விலை வானத்தில நிக்குது, நான் ஏணி வெச்சா ஏறுற?"

"உங்களுக்கு வாய் மட்டும் நல்லா ஓடு போட்டிருக்கு!" குரல் அடுக்களைக்குத் திரும்பிப் போனது.

கூரை போட்டால் என்ன நடக்கும்? காசு ஓடாகும், ஓடு வீடாகும், வீடு பெண்ணுடையதாகும். அழகரத்தினம் மறுபடி சூட்கேசுக்காரன். இதுவோ இரண்டு மடங்காகும், பத்து மடங்காகும், கேட்டால் மட்டக்களப்பையே விலைபேசும்.

தொலைபேசியை எடுத்து வந்தார். முதலில் பிட்கொயினில் ஒரு துளியைக் கருவிக்கு அனுப்பிப் பார்த்தார். சேர்ந்தது. பிறகு முழுவதற்கும் கருவியில் காட்டிய முகவரியையும் தொலைபேசியில் இருந்ததையும் எழுத்து எழுத்தாக, பேன் பார்ப்பதுபோல் ஒப்பிட்டார். அழுத்தினார்.

காத்திருந்தார். வாவிக் காற்று சுவருக்கு மேலால் வந்து இறங்கியது.

வந்துவிட்டது. அவ்வளவும், கருவிக்குள். இனி அரசாங்கமே வந்தாலும், அன்னப்பூரணியே வந்தாலும் தொட முடியாது. அழகரத்தினத்துக்கு ஆடவேண்டும்போல் இருந்தது; கொஞ்சம் ஆடவும் செய்தார்.

கையிலிருந்த தொலைபேசி அலறியது. கட்டாரிலிருந்து, முகம் பார்த்துக் கதைக்கிற அழைப்பு.

வேலைக்கு நிற்கிற வீட்டின் குசினியில், யாருடைய பிள்ளையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு தனுஷியா நின்றாள்.

"அப்பா, சுறுக்காச் சொல்லுங்க, மேடம் வந்திருவா. நான் இவ்வளவு காலம் அனுப்பின காசு முழுக்கச் சேத்தாலும் கூரைக்குக் காணாதா?"

"காணாது மனே."

அவள் இடுப்பிலிருந்த பிள்ளையை மற்றப் பக்கம் மாற்றினாள்.

"அப்ப இன்னும் ரெண்டு வருசம் இஞ்ச வேலைக்கு நிக்கக் கையெழுத்து வெக்கட்டா? இண்டைக்கே கேக்காங்க. மண்டூர் ஆக்களுக்கு... பாத்துக்கொண்டிருக்க வேணாமெண்டு சொல்லுங்க."

அழகரத்தினம் மடியைத் தடவிப் பார்த்தார்.

"வை மனே."

"காசு பத்திரமா இருக்குத்தானே?"

"ஒருத்தரும் தொட ஏலாது."

தனுஷியா சிரித்தாள். பிறகு திரைக்குக் கிட்ட வந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்னப்பா, இந்த வெயிலுக்குள்ள நிக்கிறீங்க? உள்ளுக்குப் போங்க."

உள்ளேதான் நிற்கிறேன் என்று அழகரத்தினம் சொல்லவில்லை.