தனியாக விடக்கூடாது

“மூக்கால இழுங்கப்பா. நாலு எண்ணுற வரைக்கும். ம், இப்ப வாயால விடுங்க.”

மகள் பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் சுவரில் சாய்ந்து கிடந்தேன். ஒரு செருப்பு காலில், இன்னொன்று கையில். காலை எட்டு மணி, லாரிப் பட்டறைக்குக் கிளம்பிய கோலம்.

அவள் சொல்வதெல்லாம் என் வசனம்.

இரண்டு வருஷமாக, வாரத்துக்கு ஒரு தடவையாவது நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, அவள் சுருண்டு உட்கார்ந்துவிடுவாள். நான் எதிரில் உட்கார்ந்து எண்ணுவேன். வெறும் பயம்டா, பத்து நிமிஷத்தில் போய்விடும் என்பேன். போய்விடும்.

இன்றைக்கு விழுந்தது நான். உன்னைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஒட்டிக்கொண்டது என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. சமையலறைக்கு ஓடினாள், குழாய் சத்தமாக ஓடியது. தண்ணீர் கொண்டுவந்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இது பயமில்லை என்று எனக்குத் தெரியும். தோளிலிருந்து விரல் நுனிவரை இழுக்கிறது. நெஞ்சின்மேல் லாரி ஏறி நிற்கிறது. சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

எப்படிச் சொல்வேன்? அவள் அம்மா இந்த வீட்டில்தான், இப்படி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். பக்கத்தில் இருந்தது இவள் மட்டும். அப்போது பதினாலு வயசு. அன்றைக்குப் பிடித்த பயம். இப்போது உண்மையைச் சொன்னால் இவளும் விழுவாள். இரண்டு பேரும் தரையில் கிடப்போம், தூக்க நாதி இருக்காது.

என் போன் மேஜைமேல். கேட்டால் கண்டுபிடித்துவிடுவாள். எதிர் வீட்டு அக்காவை ஒரு நிமிஷம் கூட்டிவா என்றேன்.

“மாட்டேம்ப்பா. இது வர்றப்ப ஒரு நிமிஷம்கூடத் தனியா விடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

அவள் எண்ணினாள். நான் இழுத்தேன். அம்மாவும் இல்லை, இனி அப்பாவும் இல்லையா இவளுக்கு என்று நினைத்தபோது அழுகை முட்டியது. பயத்தில் அழுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, கண்ணைத் துடைத்துவிட்டாள்.

மாடிப்படியில் பூட்ஸ் சத்தம். இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்தார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள்.

மகள் எழுந்துபோய்த் தாழ்ந்த குரலில் பேசினாள். சின்ன வீடு, எல்லாமே கேட்டது.

“நான்தான் என் போன்லேர்ந்து கூப்பிட்டேன், தண்ணி எடுக்கப் போனப்பவே. ஹார்ட் அட்டாக்தான், எங்கம்மாவுக்கும் இதே மாதிரிதான் வந்துச்சு. அவருக்குத் தெரியாது, வெறும் பயம்னு நினைச்சிட்டிருக்காரு. சொல்லிடாதீங்க சார். தாங்க மாட்டாரு.”

என்னைத் தூக்கினார்கள். இடது கை என்னுடையதாகவே இல்லை. எதுவும் காதில் விழாதவன்போல் கண்ணை மூடிக்கொண்டேன்.